கைக்கு வரும் சம்பளமும் கையில் நிற்கும் பணமும்

பெங்களூரு நகரின் தென்கிழக்கே, ஓசூர் நெடுஞ்சாலையின்மேல் அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் சிறு பட்டறைகளும் நிறைந்த இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அதே சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால், அத்திப்பள்ளியைக் கடந்து, தமிழ்நாட்டின் தொழில் நகரமாகிய ஓசூரை அடைகிறோம். ‘எல்லையின் எந்தப் பக்கம் வேலை பார்த்தால் மிச்சம்?’ என்ற கேள்வி இக்குடும்பங்களில் அடிக்கடி எழுவதாகும். அதனை இன்று சற்று நிதானமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலில் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகைகளை எடுத்துக்கொள்வோம். வருமான வரி, வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் ஈட்டுறுதி ஆகிய மூன்றும் மத்திய சட்டங்களின்பாற்பட்டவை. மாநிலம் மாறுவதால் இவை மாறுவதில்லை. முதன்மையாக மாறுவது தொழில் வரியே. அதுவும் எவர்க்கும் ஆண்டொன்றுக்கு 2,500 ரூபாயை மீறலாகாது என்பது அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு வகுத்த வரம்பு. கர்நாடகத்தில் மாநில அரசே இவ்வரியை விதிக்கிறது. 2023 ஏப்ரல் முதல், மாதம் 25,000 ரூபாய்க்குக் குறைந்த சம்பளத்திற்கு இவ்வரி நீக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ உள்ளாட்சி மன்றங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வசூலிக்கின்றன. ஆறு மாத வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினாலே வரி தொடங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 20,000 ரூபாய் பெறும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். 15,000 ரூபாய் வரம்பின்மேல் 12 விழுக்காடு வைப்பு நிதிக்குப் பிடித்தால் 1,800 ரூபாய். ஈட்டுறுதிக்கு முக்கால் விழுக்காடு 150 ரூபாய். மீதம் 18,050 ரூபாய். பொம்மனஹள்ளியில் இத்தொகை அப்படியே கைக்கு வரும். ஓசூரில் தொழில் வரி முழு அளவில் விழுந்தாலும், மாதத்திற்கு ஏறத்தாழ 208 ரூபாய்தான் குறையும். ஒரே சம்பளத்திற்கு ஏறத்தாழ இவ்வளவே வேற்றுமை. குறைந்தபட்சக் கூலியை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நிர்ணயிப்பதால், ஒரே வேலைக்குச் சம்பளமே வேறாக இருத்தலும் கூடும். அதனைத் தனியே விசாரித்தறிய வேண்டும்.

இனிச் செலவைப் பார்ப்போம். பெங்களூரில் வீட்டு முன்பணமாகப் பத்து மாத வாடகையைக் கேட்பது நெடுநாள் வழக்கம். இன்று சிலர் குறைத்தும் கேட்கின்றனர். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிக்கப்படாதவிடத்து, மூன்று மாத வாடகையே உச்சம் என்கிறது. வாடகை 8,000 ரூபாய் என்று கொண்டால், ஓரிடத்தில் 80,000 ரூபாய் முடங்கும். மற்றோரிடத்தில் 24,000 ரூபாய். வித்தியாசம் 56,000 ரூபாய். தொழில் வரியில் மிச்சமாகும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைக் கொண்டு இதனைச் சேர்க்க 22 ஆண்டுகளுக்கு மேலாகும்! முன்பணம் திரும்ப வரக்கூடியதே எனினும், அதற்காகக் கடன் வாங்கியவர் மாதந்தோறும் வட்டி கட்டுகிறார் என்பதை மறத்தலாகாது.

அப்படியாயின் ஓசூரில் குடியிருந்து பொம்மனஹள்ளிக்கு வேலைக்குச் செல்லலாமே எனலாம். 2025 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரம் வரையில்தான் வருகிறது. அங்கிருந்து ஓசூருக்குப் பேருந்தே துணை. வாடகையில் மிஞ்சுவது பயணக் கட்டணத்திலும், அதைவிட மேலாக உறக்கத்திலும் கழிந்துவிடலாம்.

இறுதியாக, பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது அரசின் உதவிகளை. சம்பளப் பிடித்தம் வேலை செய்யும் இடத்தைப் பொறுத்தது. உதவியோ பெரும்பாலும் அட்டையிலுள்ள முகவரியைப் பொறுத்தது. கர்நாடகம் 2023இல் தொடங்கிய சக்தித் திட்டத்தின் இலவசப் பேருந்துப் பயணம் அம்மாநிலப் பெண்களுக்கே உரியது. அவ்வாண்டிலேயே குடும்பத் தலைவியர்க்குக் கர்நாடகத்தில் மாதம் 2,000 ரூபாயும், தமிழ்நாட்டில் 1,000 ரூபாயும் அளிக்கும் திட்டங்கள் தொடங்கின. இரண்டிற்கும் அந்தந்த மாநிலக் குடும்ப அட்டை வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த அட்டையாயின், மத்திய ஒதுக்கீட்டுத் தானியத்தை எம்மாநிலத்திலும் பெறலாம். மாநிலங்கள் தம் பங்காக அளிக்கும் பொருள்கள் எல்லை தாண்டி வருவதில்லை.

ஊரில் அட்டையும் பொம்மனஹள்ளியில் அடுப்புமாக வாழும் குடும்பம், இரு பக்க உதவியிலும் ஒரு பகுதியை இழக்கிறது. அவ்விழப்பு எந்தச் சம்பளச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆதலின், இடம் மாறுமுன் ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்துகொள்வோம்: கைக்கு வரும் சம்பளம் ஒன்று, வாடகையும் முன்பண வட்டியும் பயணமும் ஒன்று, அட்டையால் வருவதும் போவதும் ஒன்று. ஓராண்டுக்குக் கூட்டிக் கழித்தபின் எந்தப் பக்கம் மிஞ்சுகிறதோ, அந்தப் பக்கமே அக்குடும்பத்திற்கு ஏற்ற பக்கமாகும்.