ராணித் தலை நாணயத்துக்கு என்ன விலை?

பழைய வெள்ளி நாணயத்தின் மதிப்பை நிர்ணயிப்பது வயதல்ல. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான். இது தெரியாமல் நஷ்டப்படும் குடும்பங்கள் ஏராளம்.

மும்பை சவேரி பஜாரின் நெரிசலான சந்துகளில், வெள்ளி வியாபாரிகளின் தராசுக்கு வந்து சேரும் பொருட்களில் பழைய ரூபாய் நாணயங்களும் உண்டு. அறுந்த கொலுசு, நசுங்கிய டம்ளர், குங்குமச் சிமிழ் ஆகியவற்றோடு விக்டோரியாவும் ஐந்தாம் ஜார்ஜும் ஒரே தட்டில் கிடப்பார்கள். மகள் கல்யாணம், மருத்துவச் செலவு, பாகப்பிரிவினை என்று காரணம் எதுவானாலும், பாட்டியின் பெட்டியைத் திறக்கும் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் இருக்கும். நூறு வருடப் பழசு, லட்சக்கணக்கில் தேறும் என்பது ஒரு கட்சி. வெறும் பழைய வெள்ளிதானே, எடைக்குப் போடு என்பது இன்னொரு கட்சி. பெரும்பாலும் இரண்டுமே தவறு.

கணக்கு எளிய இடத்தில்தான் தொடங்குகிறது. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. ஆக, தேயாத ஒரு ரூபாயில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உலோகத்துக்கு மட்டும் 1,069 ரூபாய். இது தரைமட்டம். இதற்கு மேல் சேகரிப்பாளர் தரும் ஒவ்வொரு ரூபாயும் வேறு காரணங்களுக்காக.

அந்தக் காரணங்களில் வயதுக்குக் கடைசி இடம்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட முத்திரைக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சாதாரண வகைகளை மாதச் சம்பளக்காரர்களே வாங்கிச் சேர்க்க முடிகிறது. ஆனால் 1939இல் பம்பாயில் அடிக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கு ஏலத்தில் அடிதடி. 1940இல் ரூபாயின் வெள்ளி அளவை அரசு பாதியாகக் குறைத்தது. அதையடுத்து, உயர்தர வெள்ளி கொண்ட பழைய நாணயங்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது. 1939 ரூபாய் மக்கள் கையில் பரவுவதற்குள்ளேயே பெரும்பகுதி உலைக்குத் திரும்பிவிட்டது. மிஞ்சியது சொற்பம்.

இதற்கு நேர் எதிர் 1918ஆம் ஆண்டு ரூபாய். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு. காகித நோட்டை நம்பாத மக்கள் வெள்ளியைக் கேட்டார்கள். அமெரிக்கா தன் கருவூலத்தில் கிடந்த 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கி, அதில் பெரும்பகுதியை பிரிட்டனுக்கு விற்றது. அந்த ஆண்டு கல்கத்தாவிலும் பம்பாயிலும் அடிக்கப்பட்ட ரூபாய்கள் 40 கோடிக்கு மேல். இன்றும் பல வீடுகளின் பெட்டியில் இருப்பது இதுதான். நூறு வயதைத் தாண்டியும், தேய்ந்த நிலையில் இருந்தால் வெள்ளி விலைக்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

கதையும் விலை பேசும். 1911இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிவதாக முஸ்லிம்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. அடிக்கப்பட்டவை சுமார் 94 லட்சம், வெளியே விடப்பட்டவை சுமார் 7 லட்சம், மீதி உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டு யானையின் தும்பிக்கை நீண்டது. 'பன்றி ரூபாய்' என்ற பெயர் நிலைத்துவிட்டதால் எல்லோருக்கும் அதில் ஒன்று வேண்டும். ஆனாலும் மிஞ்சியவை கணிசமாக இருப்பதால், விலை 1939 ரூபாயின் கிட்டே போவதில்லை.

ஆண்டும் சில நேரம் ஏமாற்றும். 1840 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் அந்த ஓர் ஆண்டில் மட்டும் அடிக்கப்பட்டதல்ல; 1862 வகை வரும்வரை அதே ஆண்டுப் பொறிப்புடன்தான் வந்தது. ராணியின் பெயர் தலைக்கு மேல் தொடர்ச்சியாக ஓடுகிறதா, இருபுறமும் பிரிந்து நிற்கிறதா என்பதைப் பார்த்தே வகை பிரிக்கிறார்கள். நாணயச் சாலையும் முக்கியம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்புறம் கீழே தாமரையில் சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. ஔரங்கசீப்பின் ரூபாயில் சூரத்தில் அடித்தவை ஏராளம். அதிகம் அறியப்படாத சிறு நாணயச் சாலையில் அடித்ததாக இருந்தால் விலை பல மடங்கு ஏறும்.

புளி செய்யும் கெடுதல்

இவை அனைத்தும் சரியாக இருந்தாலும், கடைசித் தீர்ப்பு நாணயத்தின் நிலையில்தான். தேய்மானம் முதலில் தாக்குவது மேடான இடங்களை: ராணியின் கூந்தல், கன்னம், மன்னரின் அங்கியிலுள்ள யானை. இவை கூர்மையாக இருந்து, அச்சிலிருந்து வந்தபோது இருந்த பளபளப்பும் மாறாமல் இருந்தால், அதே ஆண்டின் தேய்ந்த நாணயத்தைப்போல் பல மடங்கு விலை. அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்கள் 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. உச்சத்தில் ஒரு மதிப்பெண் வித்தியாசமே பெரும் பணம்.

இங்கேதான் நம் வீடுகள் தங்களையறியாமல் நஷ்டத்தைத் தேடிக்கொள்கின்றன. விற்பதற்கு முந்தைய நாள் புளி, சாம்பல், பற்பசை என்று எதையாவது போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். பல பத்தாண்டுகளில் படிந்த மங்கிய நிறத்தைத்தான் சேகரிப்பாளர் தேடுகிறார். தேய்த்த கீறல் ஒருநாளும் மறையாது. மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு, அந்தக் காலத்து ஷராப்புகள் வெள்ளியைச் சோதிக்கக் குத்திய குறி ஆகியவையும் விலையைச் சரிக்கும்.

மதிப்பு இருக்கும் இடத்தில் மோசடியும் இருக்கும். 1938 ரூபாயின் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்குவது பழைய கைவேலை. அதைவிட ஆபத்தானது, உங்கள் பழைய காசுக்குப் பல லட்சம் தருகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்று வரும் விளம்பரம். ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்தியதால், தாங்கள் இத்தகைய வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்க வேண்டியதாயிற்று. வாங்குகிறவர் விற்பவரிடம் பணம் கேட்டால், அது வியாபாரமே அல்ல.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் புதைந்து கிடைத்தது என்றால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

1939 ரூபாயை அபூர்வமாக்கியது அரசின் உலை. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் அதே வேலையைப் பட்டறை மூசைகள் செய்கின்றன. உள்ளே போவது 1918 ரூபாயாக இருந்தால் பெரிய இழப்பில்லை. ஆனால் நெருப்புக்கு ஆண்டு பார்க்கத் தெரியாது. தராசில் கொட்டுவதற்கு முன் பெட்டிக்கு உரியவர்தான் பார்த்தாக வேண்டும். அதற்குத் தேவை புளி அல்ல. ஒரு பூதக்கண்ணாடியும் கொஞ்சம் பொறுமையும்.