ஒரே கோடையில் இரண்டு கள்ள நுழைவுகள்

1972 ஜூன் 17 அதிகாலை. வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் கதவுப் பூட்டின் நாக்கை அமுக்கி டேப் ஒட்டியிருப்பதைக் கண்ட இரவுக் காவலாளி போலீசைக் கூப்பிட்டார். ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் கையுறையும் ஒட்டுக்கேட்கும் கருவிகளுமாகப் பிடிபட்டார்கள். வழக்கு எஃப்.பி.ஐ.யிடம் வந்தது. அதை அன்றாடம் கவனித்தவர் அந்த அமைப்பின் இரண்டாம் நிலை அதிகாரி மார்க் ஃபெல்ட். அதிபர் நிக்சனின் ஆட்களைப் பற்றி 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் பாப் உட்வர்டுக்கு ரகசியமாகத் தகவல் தந்த 'டீப் த்ரோட்' இவர்தான் என்பது 2005இல் உலகத்துக்குத் தெரிந்தது. இவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது. அதே காலத்தில், குற்றம் எதுவும் சாட்டப்படாத சிலரின் வீடுகளுக்குள் வாரண்ட் இல்லாமல் ரகசியமாக நுழைய அனுமதி கொடுத்தவரும் இவரே. இந்த இரண்டு செயல்களும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை என்பதுதான் என் வாதம்.

ஐடஹோ மாநிலத்தின் ட்வின் ஃபால்ஸில் 1913இல் பிறந்து, சட்டம் படித்து, 1942இல் எஃப்.பி.ஐ.யில் சேர்ந்தவர் ஃபெல்ட். போர்க்காலத்தில் ஜெர்மன் உளவாளிகளைத் தேடும் பிரிவு. பிறகு ஊர் ஊராக மாற்றல். 1964இல் அமைப்பின் உள் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை. மற்ற அதிகாரிகள் விதிப்படி நடக்கிறார்களா என்று சோதிக்கும் வேலை அது. இவர் வளர்ந்ததெல்லாம் ஜே. எட்கர் ஹூவரின் நிழலில். ஹூவர் 1924 முதல் 1972 மே மாதம் இறக்கும்வரை 48 ஆண்டுகள் இயக்குநராக இருந்தார்; எட்டு அதிபர்கள் வந்தார்கள், அவரை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. அப்படிப்பட்ட அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவருக்கு, நாட்டைக் காப்பது நாங்கள்தான், எங்களுக்கு மேலே கேட்க யாரும் வேண்டாம் என்ற எண்ணம் ஊறிப்போவதில் வியப்பில்லை.

ஹூவரின் நாற்காலியில் நிக்சன் உட்கார வைத்ததோ வெளியாளான பேட்ரிக் கிரேயை. பதவி கிடைக்காத ஆத்திரத்தில்தான் ஃபெல்ட் வாய் திறந்தார் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆத்திரம் இருந்திருக்கலாம். ஆனால், விசாரணையை சி.ஐ.ஏ.யைக் கொண்டு தடுக்க நிக்சன் ஒப்புக்கொண்டது அவருடைய அறையிலேயே ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. கிரே விசாரணைக் கோப்புகளை வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார். ஒரு குற்றவாளியின் பெட்டகத்திலிருந்து வந்த காகிதங்களை எரித்தும் விட்டார். மேலிடமே குற்றத்தை மூடிமறைக்கும்போது, ராஸ்லினில் ஒரு நிலத்தடி வாகன நிறுத்தத்தில், நடுநிசியில் நிருபரைச் சந்தித்தவரின் மனக்கசப்பை நிறுத்துப் பார்ப்பதில் பயனில்லை. அவர் சொன்னது உண்மை. நாட்டுக்கு அது தேவைப்பட்டது.

அந்த நன்றிக்காக மறுபக்கத்தை மறக்க முடியாது. வியட்நாம் போரை எதிர்த்துக் குண்டு வைத்த 'வெதர் அண்டர்கிரவுண்ட்' குழுவினர் தலைமறைவாக இருந்தார்கள். அவர்களைப் பிடிக்க, உறவினர்களும் நண்பர்களும் குடியிருந்த வீடுகளுக்குள் ஆளில்லாத நேரத்தில் அதிகாரிகள் நுழைந்து துழாவினார்கள். குண்டு வெடித்தது பொய்யல்ல. நாடாளுமன்றக் கட்டடத்திலும் பென்டகனிலுமே வெடித்தன. ஆபத்துக் காலத்தில் வாரண்டுக்காகக் காத்திருக்க முடியுமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் வாரண்ட் கேட்பதென்றால், இந்த வீட்டில் எதற்காகச் சந்தேகம் என்று ஒரு நீதிபதியிடம் சொல்ல வேண்டும். தேடப்படுகிறவரின் உறவுக்காரர் என்பதைத் தவிர அங்கே சொல்ல என்ன இருந்தது? வாட்டர்கேட் கைதுகள் நடந்து இரண்டே நாளில், ஜூன் 19 அன்று, உள்நாட்டுக் குழுக்களை வாரண்ட் இல்லாமல் ஒட்டுக்கேட்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டம் படித்த ஃபெல்டுக்கு அதன் பொருள் விளங்காமல் இருந்திருக்காது. அதற்குப் பிறகும் நுழைவுகள் நிற்கவில்லை.

ஃபெல்ட் மாதிரி துணிந்த ஒருவர் இல்லாவிட்டால் நிக்சன் தப்பியிருப்பாரே என்று கேட்கலாம். தகவல் தந்தவரின் பங்கு பெரிது. ஆனால் நிக்சனை வீழ்த்தியது அது மட்டுமல்ல. வாட்டர்கேட் வழக்கை விசாரித்த நீதிபதி சிரிகா விடாப்பிடியாகக் கேள்வி கேட்டார். செனட் குழு பகிரங்கமாக விசாரித்தது. 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலிநாடாக்களை ஒப்படைக்க உத்தரவிட்டது. நிருபரிடம் போன தகவல்கூட, கேள்வி கேட்கும் உரிமை பெற்ற நீதிமன்றமும் நாடாளுமன்றமும் இருந்ததால்தான் பலன் தந்தது. ஃபெல்ட் தன் அலுவலகத்துக்குள் ஏற்க மறுத்ததும் அதே மேற்பார்வையைத்தான்.

வீடுகளுக்குள் நுழைய உத்தரவிட்டது தானே என்பதை அவர் பின்னாளில் மறைக்கவில்லை; கீழே இருந்தவர்கள்மேல் பழியைத் தள்ளாமல் தானே ஏற்றார். அதற்காக அவரை மதிக்கலாம். அந்த நுழைவுகளுக்காக அவர்மேல் நடந்த வழக்கில், 1980 நவம்பரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த வழக்கில் அவருக்கு ஆதரவாகச் சாட்சி சொல்ல வந்தவர், அவரால் பதவி ஆட்டம் கண்ட அதே நிக்சன். தண்டனை 5,000 டாலர் அபராதம், சிறை இல்லை. மேல்முறையீடு முடியுமுன்பே, 1981இல், அதிபர் ரீகன் அவரை மன்னித்தார். அதற்குள் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றிவிட்டிருந்தது: 1976 சட்டம் எஃப்.பி.ஐ. இயக்குநரின் பதவிக்காலத்துக்குப் பத்து ஆண்டு வரம்பு வைத்தது. 1978 சட்டம் அயல்நாட்டு உளவுக்கான ஒட்டுக்கேட்பை ஒரு தனி நீதிமன்றத்தின் அனுமதிக்குள் கொண்டுவந்தது. இரண்டு சட்டங்களும் இன்றும் நடப்பில் உள்ளன.