வாய்க்காலுக்கு இருபுறமும் – 17: ஆறாம் ஸ்தலம்

சென்ற வாரம் புதுச்சேரிக் கடற்கரையில் பழைய கலங்கரை விளக்கத்தின் அடியில் நிறுத்திய நடையை இந்த வாரம் மேற்கே திருப்பி, பெரிய வாய்க்காலைத் தாண்டி, மிஷன் வீதியையும் கடந்து, ஒரு சந்துக்குள்ளிருக்கும் சிறிய மாடியறைக்கு வாசகர்களை அழைத்துப் போக விரும்புகிறேன். அறைக்கு உரியவர் இருபத்தாறு வயது இளைஞர். ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், அடக்கம் என்று ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வாழ்வில் வரும் விசேஷங்கள் அனைத்துக்கும் படம் எடுத்து ஜீவனம் செய்கிறவர். கல்யாணப் பருவம் ஓய்ந்த மாதங்களில், காகிதப்பூ படர்ந்த மஞ்சள் சுவர்களின் முன்னால் நிற்க வரும் வெளியூர் ஜோடிகளையும் எடுப்பார். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கே அவரைத் 'தம்பி' என்றே குறிப்பிடுகிறேன்; நேரிலும் அப்படித்தான் அழைக்கிறேன்.

படம் எடுப்பவர்களின் அறைச் சுவரில் அவரவர் எடுத்த சிறந்த படம் தொங்குவதே வழக்கம். தம்பியின் அறைச் சுவரில் அவர் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள், ஓரங்களில் செல்லரித்த ஓர் அச்சுப்படம் மட்டும் இருக்கிறது. சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்களில் ஆறாவது அது: இயேசு சிலுவை சுமந்து கல்வாரிக்குப் போகும் வழியில், இரத்தமும் வியர்வையும் வழிகிற அவர் முகத்தை வெரோணிக்கம்மாள் துணியால் துடைக்கும் காட்சி. முதல் கேமராவை, யாரோ பயன்படுத்திக் கைமாற்றிய பழைய கேமராவைத்தான், வாங்கி வந்த அன்று அதைப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்து வாங்கிக் கொடுத்த தாயார், அதோடு இந்தப் படத்தையும் மகன் கையில் கொடுத்தாராம்.

அந்த அம்மையாரின் தேர்வில் பெரிய பொருத்தம் இருக்கிறது. நான்கு சுவிசேஷங்களிலும் வெரோணிக்காள் என்ற பெயர் இல்லை. பின்னாளில் பக்தர்களின் மரபில் பிறந்து வளர்ந்த கதை அவளுடையது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து துடைத்த அந்தத் துணியை அவள் விரித்துப் பார்த்தபோது திருமுகத்தின் சாயல் அதில் அப்படியே பதிந்திருந்தது என்பதே கதையின் சாரம். இதனாலேயே புகைப்படக்காரர்களின் பாதுகாவலியாகக் கத்தோலிக்க உலகம் அவளைப் போற்றுகிறது; ஜூலை 12 அவளுடைய திருநாள். பாரிசில் 1839 ஆகஸ்ட் 19 அன்று தாகேர் என்பவரின் பிம்பம் பதிக்கும் முறையைப் பிரெஞ்சு அரசாங்கம் உலகறிய வெளியிட்டதே புகைப்படக் கலையின் ஜனனம் என்று நூல்கள் சொல்லுகின்றன. துணியில் பதிந்த ஒரு முகத்தைப் பல நூற்றாண்டுகளாகத் தியானித்து வந்த ஒரு சமூகத்துக்கு அந்தக் கலை முற்றிலும் அந்நியமாகத் தோன்றியிராது.

இதையெல்லாம் ஒருநாள் தம்பியிடம் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மா படம் எடுக்கப் போகலீங்க ஐயா, துடைக்கத்தான் போனாங்க" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

தம்பிக்குப் படத்தைவிடப் பாட்டின்மேல்தான் அதிகப் பித்து என்பது பழகிய பிறகே தெரிந்தது. ஒன்பது வயதில் பாடற்குழுவில் சேர்ந்தவர். குரல் உடைந்தபின் பாடுவதைக் குறைத்துக்கொண்டாராயினும் குழுவை விட்டு விலகவில்லை. கீபோர்டைத் தூக்கி வைப்பதும், ஒலிபெருக்கியின் வயர்களைச் சரி பார்ப்பதும், பாட்டுப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுப்பதும் இன்றும் அவர் வேலைகளே. இந்த ஊர்க் கோயில்களில் இன்று கேட்கும் சங்கீதத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மாறுதல் நிற்கிறது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைக் குறித்து வெளியிட்ட சாசனம், தாய்மொழியும் அந்தந்த ஜனங்களின் சங்கீத மரபும் பூசைக்குள் நுழைய வழி திறந்தது. அதுவரை பூசையின் மொழி லத்தீனாக இருந்தது; தமிழ்க் கீர்த்தனைகள் நவநாளிலும் தேர்ப்பவனியிலும் வீட்டுச் செபத்திலும் ஒலித்தன. சாசனத்துக்குப் பிறகு வந்த தலைமுறைகளுக்குத் தபேலாவும் கிதாரும் பீடத்துக்கருகில் வந்தமர்ந்தது இயல்பான காரியமாகிவிட்டது. தூமா வீதியில் கப்ஸ் கோயில் என்று நாம் அழைக்கும் தேவதூதர்களின் மாதா கோயிலில் பிரெஞ்சுப் பாட்டும், மிஷன் வீதிச் சம்பா கோயிலில் தமிழ்ப் பாட்டுமாகக் காலையில் இரண்டு பூசைகளின் ஒலியை ஒரே நடையில் கேட்டுவிடக்கூடிய ஊர் இந்தியாவில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

விசுவாசம், சங்கீதம், புகைப்படம் மூன்றும் ஒரே மனிதரிடம் குடியேறுவது நம்மவரிடையே புதிதல்ல என்பதற்கு ஆபிரகாம் பண்டிதரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1859-இல் பிறந்த அவர் ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லில் தங்கியிருந்த இளவயதிலேயே வயலினும் புகைப்படக் கலையும் கற்றவர்; பின்னர்த் தஞ்சாவூரில் வைத்தியத்தால் பொருள் ஈட்டி, அந்தப் பொருளைச் சங்கீத மகாநாடுகளுக்குச் செலவழித்து, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலைத் தந்தவர். அவருடைய சுருதி ஆராய்ச்சியை எழுதியவர்கள் பலர். கேமராவின் பின்னால் நின்ற அந்த வாலிபனைப் பற்றி யாராவது விரிவாக எழுத மாட்டார்களா என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

தம்பியோடு சம்பா கோயிலுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு ஒரு சுவர் ஞாபகம் வரும். இன்று அந்தச் சுவர் இல்லை. சுவர் இருந்த கோயிலும் இல்லை. அந்தக் கோயில் 1761-இல் ஆங்கிலேயர் பட்டணத்தைப் பிடித்து இடித்தபோது தரைமட்டமாயிற்று. இன்று நிற்பது 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் துய்ப்ளேக்சு கவர்னராயிருந்த 1745-ஆம் ஆண்டில், ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரியில் எழுதி வைத்தபடி, பறையர் கிறிஸ்தவர்களைப் பிற சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரித்து வைப்பதற்கென்றே கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரே சர்வேசுரனின் பிள்ளைகள் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று ஒடுக்கப்பட்டவர்கள் சாமியாரிடம் போய் நின்று கேட்டார்கள். அவர் அதை இடிக்கச் செய்தார். இடித்ததும் மற்றவர்கள் கொதித்தெழுந்தார்கள். சுவர் இடிந்த அன்றே பேதமும் இடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லறைத் தோட்டங்களில்கூடத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அந்தச் சுவர் வெகுகாலம் உயிரோடிருந்தது. தம்பிக்கு ஓர் உயிர்த் தோழர் உண்டு. பாடற்குழுவில் கிதார் வாசிக்கிறவர். இருவரும் ஒரே நாளில் புதுநன்மை வாங்கியவர்கள். இவர்களுடைய மூதாதையரில் யார் அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் நின்று பூசை கண்டார்கள் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

புதுநன்மை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுவத்தியுமாகப் பிள்ளையை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய், தீட்டிய திரைச்சீலைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது ஒரு காலத்தில் இந்த ஊர்க் குடும்பங்களில் தவறாத சடங்கு. 1955-இல் நிறுவப்பட்டுச் செயின்ட் லூயி வீதியில் இயங்கும் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மூடப்பட்டு வரும் பழைய ஸ்டூடியோக்களின் கண்ணாடித் தகடுகளையும் நெகட்டிவ்களையும் தேடி எண்முறைப் பிரதிகளாக்கிக் காப்பாற்றியது மிகவும் போற்றத்தக்க பணி. தம்பியும் தோழரும் புதுநன்மை வாங்கிய நாளில் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. யாரோ ஒரு மாமா கோயில் வாசலில் நிறுத்திச் சொடுக்கிய படத்தில் இருவரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி ஜூன் மாதத்து இரவொன்றுக்கு வருகிறேன். பிரான்சில் ஜாக் லாங் கலாசார மந்திரியாயிருந்த 1982-இல், ஜூன் 21 அன்று, தொழில்முறைக் கலைஞரும் பழகுநரும் ஒருங்கே வீதிக்கு வந்து கட்டணமின்றி வாசிக்கும் சங்கீதப் பெருநாள் ஒன்று தொடங்கியது. அந்தப் பெருநாளின் பெயரான 'ஃபெத் த லா முசீக்' என்பதை எழுத்தில் சற்றே மாற்றினால், காதுக்கு அதே ஒலியோடு, 'இசை செய்யுங்கள்' என்ற ஏவலாகவும் ஆகிவிடுகிறது. பெயரிட்டவர்கள் இந்தச் சிலேடையை அறிந்தே இட்டார்கள். பிரெஞ்சு மொழியோடு உறவு அறுபடாத நம் ஊரிலும் அந்தப் பெருநாள் வேரூன்றியது. ஜூன் மாதம் கத்தோலிக்கருக்குத் திரு இருதய மாதமும் ஆகையால், தெற்கே இருதய ஆண்டவர் கோயிலில் திருநாள் பாட்டும் கிழக்கே வெள்ளைப் பட்டண வீதிகளில் கிதாரும் டிரம்சுமாக, புதுச்சேரிக்கு அது காது நிறைந்த மாதம்.

அன்றிரவு தம்பியின் தோழரும் பாடற்குழு நண்பர்கள் மூவரும் ஒரு வீதி முனையில் வாசித்தார்கள். மேடை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. மதிற்சுவரின் கீழே இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரு மஞ்சள் விளக்கு, சுற்றிலும் நடைபாதையில் உட்கார்ந்த இருநூறு பேர். தம்பி வழக்கம்போல் கூட்டத்தின் ஓரத்தில் முழங்காலிட்டிருந்தார். சங்கீதத்தைப் படம் எடுப்பதிலுள்ள சங்கடங்களை அவர்தான் எனக்கு விளக்கியவர்: பாடுகிறவர் வாயை மைக் மறைக்கும், வெளிச்சம் போதாது, ஷட்டரைச் செகண்டில் 60-இல் ஒரு பங்குக்கு இறக்கினால் முகம் நிற்கும், தபேலாவின் மேல் விரல்கள் கலைந்து புகையாகும், எல்லாம் கூடிவந்த படத்திலும் ஒலி மட்டும் இராது. ஆகவே அவர் பாடுகிறவர்களைவிடக் கேட்கிறவர்களையே அதிகம் எடுப்பார்.

நான்காவது பாட்டின் நடுவில் கிதாரின் முதல் தந்தி அறுந்தது. தோழர் வாத்தியத்தோடு ஒலிபெருக்கியின் பின்னால் போய் இருட்டில் உட்கார்ந்தார். பாடிக்கொண்டிருந்த பெண் ஒரு க்ஷணம் திகைத்தார். பிறகு தபேலாக்காரர் தட்டை மெல்ல இறக்கிக்கொடுக்க, சொற்களை விட்டுவிட்டு, அகாரத்தில் ராகத்தை விரிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு குரலை நான் வீதியில் கேட்டதில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு தகப்பனார் அதன் முதுகில் தாளம் தட்டுவதைக்கூட நிறுத்திவிட்டு நின்றார். ஒரு புகைப்படக்காரர் ஆயுளில் எதிர்பார்த்துக் காத்திருக்கக்கூடிய முகங்கள் அன்று வரிசையாக அங்கே உட்கார்ந்திருந்தன. தம்பியைத் தேடினேன்; அவர் இருந்த இடத்தில் இல்லை.

ஒலிபெருக்கியின் பின்னால் இருந்தார். கேமராவை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, கைபேசியின் வெளிச்சத்தைத் தோழரின் விரல்மேல் பிடித்துக்கொண்டிருந்தார். வீணையில் பிரடை என்கிறோமே, கிதாரில் ட்யூனிங் கீ என்று சொல்லுவார்கள். அதன் ஊசிக்கண் போன்ற துளையில் மெல்லிய எஃகுத் தந்தியை நடுங்கும் கையால் நுழைப்பது எளிதல்ல. மூன்றாம் முறை நுழைந்தது. புதுத் தந்தி உடனே சுருதியில் நிற்பதில்லை. இழுத்து இழுத்து விட்டுத் திரும்பத் திரும்ப முடுக்க வேண்டும். அதுவரைக்கும், ஏறத்தாழ ஆறு நிமிஷங்கள், அந்த வெளிச்சம் அசையவில்லை.

மறுநாள் தேநீர்க் கடையில், "அந்தப் பெண் பாடியபோது படம் ஏதும் எடுக்கவில்லையே" என்று நான் வருத்தத்தோடு கேட்டேன். அவரைவிட எனக்கே ஆற்றாமை அதிகம்.

"இல்லீங்க ஐயா. அவனுக்கு வெளிச்சம் வேணும்ல." கொஞ்ச நேரம் கழித்து, தாமாகவே சொன்னார்: "ஆனா பாட்டு கேட்டேன். இத்தனை வருஷமா குழுவுல இருக்கேன், கேமரா கையில இருந்தா காது பாதிதான் கேக்கும். நேத்து முழுசா கேட்டுது."

பூசையில் எழுந்தேற்ற வேளையில் மணியடித்ததும் அவர் கேமராவைத் தரையில் வைத்துவிட்டு முழந்தாட்படியிடுவதைக் கல்யாணங்களில் நான் பார்த்திருக்கிறேன். பெண் வீட்டார் ஒருவர் அந்தப் படமும் வேண்டுமென்று ஒருமுறை கடிந்துகொண்டபோதும் அவர் வழக்கத்தை மாற்றவில்லை. கோயிலுக்குள் கற்ற அந்தப் பழக்கம் ஒரு வீதி முனையில், தோழன் பொருட்டு, அவர் யோசிக்காமலே கைக்கு வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதை அவரிடம் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரைக்கென்று ஒரு படம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, சம்பா கோயிலில் பாட்டுப் பயிற்சியின்போது எடுத்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முகம் எதுவும் அதில் இல்லை. முனை மடங்கி, விரல் பட்ட இடமெல்லாம் பழுப்பேறிய ஒரு பாட்டுப் புத்தகத்தை இரண்டு பேருடைய கைகள் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்திருக்கின்றன. ஒரு கையின் விரல்நுனிகளில் தந்தி அழுத்திய காய்ப்பு தெரிகிறது. மற்றக் கையின் பெருவிரலில் மெழுகுவத்தியிலிருந்து விழுந்த ஒரு சொட்டு உறைந்திருக்கிறது.

(தொடரும்)