சீன – அமெரிக்க முறுகல்: யிவு சந்தையிலிருந்து ஒரு பார்வை

சீனாவின் யிவு நகரில் நீண்ட காலமாக வியாபாரம் செய்து வருபவன் நான். ஊரிலிருந்து பேசுகின்ற பலரும் கேட்பது ஒன்றைத்தான்: "சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் யுத்தம் வருமா?"

யுத்தம் வருமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் வரி வந்ததை அருகிலிருந்து பார்த்தேன். 2025 ஏப்ரலில் சீனப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் மேலதிக வரி 145 வீதமாக உயர்ந்தது. சீனா பதிலுக்கு 125 வீதம் விதித்தது. மே மாதம் ஜெனீவா பேச்சின் பின் அவை 30, 10 வீதமாகக் குறைந்தன. கொள்கலன் கப்பலேறி இறங்குவதற்குள் வரி மாறினால், வியாபாரி எதை வைத்து விலை பேசுவது?

யிவு சர்வதேச வர்த்தக நகரில் சுமார் 75,000 கடைகள் உள்ளன. அமெரிக்க ஓடர்களை மட்டும் நம்பியிருந்தவர்களே அதிகம் தவித்தார்கள். மத்திய கிழக்கிலும் ஆபிரிக்காவிலும் வாடிக்கையாளர்களைத் தேடி வைத்திருந்தவர்கள் சமாளித்துக் கொண்டார்கள்.

நமக்கான பாடமும் இதுதான். இலங்கைக்கு அமெரிக்கா முதலில் அறிவித்தது 44 வீதம். பேச்சுவார்த்தைகளின் பின்னர் ஓகஸ்டில் அது 20 வீதமானது. நமது ஆடைகளை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. அவற்றைத் தைக்கும் துணியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. இதில் எந்தப் பக்கம் அறுந்தாலும் கட்டுநாயக்க வலயத்தில் தையல் இயந்திரம் நின்றுவிடும்.

முகநூலில் ஒரு பக்கம் நின்று கோஷம் போடுவது இலகு. நாட்டுக்குத் தேவை இரு பக்கமும் கதவு திறந்திருப்பதும், மூன்றாவது, நான்காவது சந்தையை இப்போதே தேடுவதும்தான்.