துப்பாக்கி லைசென்ஸும் வீட்டு விசாரணையும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் பயிரிடும் நம் அங்கத்தினர்கள், காட்டுப்பன்றியால் விளையும் அழிவு பொறாது துப்பாக்கி லைசென்ஸ் கோரி விண்ணப்பிப்பதுண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி விண்ணப்பதாரர் 21 வயது நிரம்பியவராதல் வேண்டும். பயிர்க் காவலுக்குப் பொதுவாக அளிக்கப்படுவது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியே.

விண்ணப்பத்தின் மீது போலீஸ் அறிக்கை கோரப்படும். அதிகாரி இல்லம் வருகையில் பட்டா, அடங்கல், அடையாளச் சான்று ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருத்தல் நலம். பிள்ளைகளின் கைக்கு எட்டாதவாறு துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இடத்தையும் காட்டுக. பழைய வழக்கு ஏதேனும் இருப்பின் மறைத்தலாகாது; மறைத்துப் பெற்ற லைசென்ஸைப் பின்னர் ரத்துச் செய்யவும் சட்டம் இடந்தருகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இங்கு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய லைசென்ஸ் வழங்க, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் முன் இசைவும் வேண்டும். லைசென்ஸ் கிடைத்தாலும் அது வேட்டைக்கு அனுமதியாகாது.

மறுக்கப்படின், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று மேல்முறையீடு செய்யலாம்.

துப்பாக்கி பயிரைக் காக்கலாம். ஆனால் வீட்டாரைக் காப்பவை பூட்டும் பொறுப்புமே என்பதை அங்கத்தினர்கள் மறவாதிருப்பார்களாக.