ஒரு மடியில் இரண்டு குழந்தைகள்



அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு சிறு குழந்தைகளை வளர்க்கும் வீடுகளைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். புதுச்சேரி நகரத்தில் முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு, வைத்திக்குப்பம் என்று எந்தப் பகுதிக்குப் போனாலும் இப்படிப்பட்ட ஒரு வீட்டைக் காணலாம். மூத்ததற்கு ஒன்றரை வயது இருக்கும், இளையது கைக்குழந்தை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இளையதைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். ஆனால் குழந்தை மருத்துவர்கள் பல சமயங்களில் மூத்த பிள்ளையைப் பற்றியே அதிகம் விசாரிக்கிறார்கள். அதற்குத் தக்க காரணம் உண்டு.

சவலைப் பிள்ளை

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தாய் மறுபடியும் கருவுற்றதால் பால் குறைந்து, வாடி மெலிந்துபோகும் பிள்ளைக்குச் ‘சவலைப் பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள். இந்தச் சொல் யாப்பிலக்கணத்திலும் நுழைந்திருக்கிறது. இரண்டாம் அடியில் வரவேண்டிய தனிச்சொல் வராமல் குறைபட்டு நிற்கும் வெண்பாவுக்குச் ‘சவலை வெண்பா’ என்று பெயர். கிடைக்க வேண்டியது கிடைக்காமல் நிற்பதுதான் சவலை.

இதே அறிவு ஆப்பிரிக்கத் தாய்மாரிடமும் இருந்தது. இன்று கானா என்று அழைக்கப்படும் நாடு முன்பு கோல்டு கோஸ்ட் என்ற ஆங்கிலேயக் காலனியாக இருந்தது. அங்கே பணிபுரிந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் சிலர் கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து, எதிலும் நாட்டமில்லாமல் இறந்துபோவதைக் கண்டார். அவர்களுக்குக் கிடைத்த உணவு பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சிதான். இதைப் பற்றி 1933-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1935-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோது, அந்த ஊர்த் தாய்மார் சொன்ன பெயரையே நோய்க்கு வைத்தார். ‘குவாஷியார்க்கர்’ என்று மருத்துவ நூல்களில் இன்றும் இருப்பது அந்தப் பெயர்தான். கா என்னும் மொழியில் அதற்கு, அடுத்த பிள்ளை பிறந்ததும் தன் இடத்தை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். நம் சவலைக்கும் அதற்கும் எத்தனை நெருக்கம் பாருங்கள்!

இன்று புதுச்சேரியில் அந்த அளவுக்கு முற்றிய நோயைக் காண்பது அரிது. ஆனால் அதற்கு இட்டுச்செல்லும் வழியின் முதல் சில படிகளை நம் வீடுகளில் இன்றும் காணலாம்.

பால் எப்படிக் குறைகிறது?

தாய் மறுபடி கருவுற்றால் உடலில் சுரக்கும் சில ஹார்மோன்களின் காரணமாகப் பால் மெல்லக் குறைகிறது. ருசியும் மாறுகிறது. சில குழந்தைகள் தாமாகவே பாலை விட்டுவிடுகின்றன. பல வீடுகளில் பெரியவர்கள், “வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கொடுக்கிற பால் ஆகாது” என்று சொல்லி, மார்பில் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

கருவுற்ற தாயின் பால் கெட்டுப்போவதில்லை. தாய் ஆரோக்கியமாக இருந்து, நன்றாகச் சாப்பிட்டு, முன்பு குறைமாதப் பிரசவமோ கருச்சிதைவோ இல்லாதிருந்தால், தொடர்ந்து பால் கொடுக்கலாம். எதற்கும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பிரசவத்துக்குப் பின் இரண்டு பிள்ளைகளுக்குமே பால் கொடுக்கும் தாய்மாரும் உண்டு; முதலில் கைக்குழந்தைக்கு, பிறகு மூத்ததற்கு என்பதே விதி. நிறுத்தத்தான் வேண்டுமென்றால் சில வாரங்களில் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

வேதாகமத்தில் ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து செய்ததாக வாசிக்கிறோம். அன்னாளோ, சாமுவேல் பால் மறக்கும்வரை சீலோவுக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கினாள். பால் மறப்பது ஒரு பிள்ளையின் வாழ்வில் பெரிய நாள் என்பதையும், அதற்கென்று ஒரு காலம் உண்டு என்பதையும் அந்தக் குடும்பங்கள் அறிந்திருந்தன.

சிறிய குடும்பத்திலும் இது ஏன்?

“இப்போதெல்லாம் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்கிறார்களே, இந்தப் பிரச்சினை ஏது?” என்று நீங்கள் கேட்கலாம். புதுச்சேரியில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் குறைவு என்பது உண்மையே. ஆனால் எத்தனை பிள்ளைகள் என்பது ஒன்று. எவ்வளவு இடைவெளி என்பது வேறொன்று. இரண்டையும் சீக்கிரம் பெற்றுக் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால் கவலை விட்டது என்று எண்ணுகிறவர்கள் அநேகர்.

அறியாமையாலும் இது நேர்கிறது. பால் கொடுக்கும்வரை கரு தரிக்காது என்று பலர் நம்புகிறார்கள். மூன்று நிபந்தனைகளும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு உண்டு: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். மாதவிலக்கு வருவதற்கு முன்பே கரு தரிக்கவும் கூடும்.

இன்னொரு காரணத்தைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. முதல் பிள்ளை பெண்ணாக இருந்தால், அடுத்தது ஆணாக வேண்டும் என்ற அவசரம். சீமா ஜெயச்சந்திரன், இலியானா குசியெம்கோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் பெண் குழந்தைகளுக்கு ஆண் குழந்தைகளைவிடக் குறைந்த காலமே தாய்ப்பால் கிடைக்கிறது என்று காட்டினார்கள். மகன் வேண்டும் என்று மறுபடி கருவுறுவதற்காக மகளுக்குப் பால் சீக்கிரம் நிறுத்தப்படுகிறது. அந்தச் சிறுமியை யாரும் வெறுக்கவில்லை. அவளுடைய பங்குதான் அவளுக்குத் தெரியாமலே குறைகிறது.

வீட்டில் ஒரு நாள்

இரண்டும் குழந்தையாக இருக்கும் வீட்டில் பொழுது எப்படி விடிகிறது என்பது அங்கே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டும் ஒரே சமயத்தில் அழும். ஆயா கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது மூத்தது வெந்நீர் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, வெந்நீரைப் பிறகு கலப்பதும், அண்டாவைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைப்பதும் சிறிய காரியங்கள்தான். ஆனால் தீக்காய வார்டுக்குப் போகாமல் காப்பவை இவையே.

நடக்கக் கற்ற பிள்ளை மறுபடி தவழும். சிறுநீர் கழிக்கச் சொல்லத் தெரிந்தது பாயை நனைக்கும். சில பிள்ளைகள் தம்பியைக் கடித்துவிடும். சில ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்துவிடும். கடிக்கும் பிள்ளையை எல்லோரும் கவனிக்கிறார்கள். அமைதியாக இருப்பதை, “சமர்த்து, தொந்தரவே இல்லை” என்று பாராட்டி விட்டுவிடுகிறார்கள். சாப்பாடும் கேட்காமல் விளையாட்டும் இல்லாமல் ஒரு பிள்ளை சமர்த்தாக இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தார் வேடிக்கையாக, “தம்பி வந்துட்டான், இனிமே உன்னை யாரு பாத்துக்குவா?” என்று கேட்பதுண்டு. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இது வேடிக்கை என்று தெரியாது. அருள்கூர்ந்து அப்படிக் கேட்காதீர்கள்.

தாய்மார் பலருக்கு உதவிய ஒரு வழியைச் சொல்கிறோம். இளையது பால் குடிக்கும் நேரத்தை மூத்ததன் சாப்பாட்டு நேரமாக்கிவிடுங்கள். தாய் உட்கார்ந்து பால் கொடுக்கும்போது, மூத்தது தன் கிண்ணத்தோடு அவள்மேல் சாய்ந்துகொள்ளட்டும். மடியில் ஒன்று, தோளோரம் ஒன்று. கைக்குழந்தை ஒரு நாளில் எட்டுத் தடவைக்கு மேல் பால் குடிக்கும். அதில் ஐந்து தடவை மூத்ததற்கும் ஏதாவது கிடைத்தால் போதுமானது. இரவில் மூத்ததை அப்பா தம் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். இது தாய்க்குச் செய்யும் உதவி மட்டுமல்ல; பிள்ளைக்கு அப்பா கிடைக்கிறார்.

கிண்ணத்தில் என்ன இருக்கிறது?

பத்து கிலோ எடையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 300 மில்லிதான் கொள்ளும். ரசம் சாதமும் கஞ்சியும் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. தாய்ப்பால் நின்றுபோன பிள்ளைக்கு ஒரு நாளில் நான்கு ஐந்து முறை கெட்டியான உணவு, இடையில் ஓரிரு முறை பழமோ சுண்டலோ மசித்துக் கொடுக்க வேண்டும். பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, பொட்டுக்கடலை மாவு, ஒரு கரண்டி எண்ணெய், இவை எல்லோராலும் முடிந்தவை. கடலோரக் குப்பங்களில் மீனுக்குக் குறைவில்லை. முள்ளுக்குப் பயந்து பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதில்லை. முள் நீக்கி மசித்துக் கொடுங்கள். பால் ஊறும் என்று தாய்க்குச் சுறாப்புட்டு செய்யும் நாளில், அதே அடுப்பில் மூத்த பிள்ளைக்காக ஒரு முட்டையும் வேகட்டும். அங்கன்வாடியில் தரும் சத்துணவு அந்தப் பிள்ளையின் பெயரால் வருவது. அது அந்தப் பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும்.

தவறிப்போகும் தடுப்பூசி

தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணையும் 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டியவை. வைட்டமின் ஏ இரண்டாம் தவணையும் ஒன்றரை வயதை ஒட்டித்தான் வருகிறது. சரியாக அந்தச் சமயத்தில்தான் தாய் நிறைமாதமாகவோ பச்சை உடம்புக்காரியாகவோ இருக்கிறாள். ஆகவே மூத்ததன் ஊசி தள்ளிப்போகிறது. அந்தப் பிள்ளை வெளியிலிருந்து தொற்றைக் கொண்டுவந்தால், ஊசி போடும் வயது வராத கைக்குழந்தையும் அகப்பட்டுக்கொள்கிறது. மூத்ததற்குப் போடும் ஊசி இருவருக்கும் காவல். அழைத்துப்போகத் தாய்தான் வர வேண்டும் என்பதில்லை. அப்பாவோ தாத்தாவோ அத்தையோ போகலாம்.

இரண்டு மாதம் நிறையாத குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடையாளங்கள்

மெலிவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை சொல்லிவிடும். 1950-களில் நைஜீரியாவில் இலேஷா என்ற ஊரின் மெதடிஸ்ட் மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் டேவிட் மோர்லி இதை உணர்ந்து, மாதந்தோறும் எடையைக் குறிக்கும் அட்டை ஒன்றை உண்டாக்கினார். அட்டையை மருத்துவமனை அலமாரியில் வைக்காமல் தாயின் கையிலேயே கொடுத்தார். கோடு மேலே ஏறினால் நலம். படுத்துவிட்டால் ஏதோ குறை. இன்று நம் தாய்மார் கையிலுள்ள தாய் சேய் நல அட்டையிலும் அப்படிப்பட்ட வரைபடம் இருக்கிறது. இரண்டாம் வயதில் பிள்ளை மாதத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் ஏற வேண்டும். இளையதை எடை போடும் நாளில் மூத்ததையும் தராசில் நிறுத்துங்கள்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் மேல்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது எச்சரிக்கை. 11.5-க்குக் குறைந்தால் கடுமையான ஊட்டக்குறைவு. இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தபின் குழி அப்படியே நின்றால், எடை எவ்வளவு இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். வீக்கத்தைப் பார்த்துப் ‘பிள்ளை பூசினாற்போல் இருக்கிறது’ என்று ஏமாந்துவிடக் கூடாது.

இடைவெளி என்னும் உதவி

ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் பொறுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2005-ல் கூட்டிய நிபுணர் குழுவின் பரிந்துரை. அப்படியானால் பிள்ளைகளுக்கிடையே ஏறத்தாழ இரண்டே முக்கால் வருடம் இருக்கும். தாயின் இரத்தம் ஊறவும் அந்தக் காலம் வேண்டும். முதல் பிரசவம் ஆபரேஷன் என்றால் இது இன்னும் முக்கியம். ஒன்றரை வருடத்துக்குள் அடுத்த பிரசவம் வந்தால் கருப்பையின் பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து கூடுகிறது. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் 45 பிரசவங்கள் ஆபரேஷன் மூலமே நடந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை ஆகியவை அரசின் குடும்பநலத் திட்டத்தில் இலவசமாகத் தரப்படுகின்றன. தகுந்தது எது என்பதை டாக்டர் சொல்வார்.

ஆனாலும் பிள்ளைகள் அடுத்தடுத்து வந்துவிட்டால், அந்தத் தாயைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. “அவசரம் என்ன?” என்ற கேள்வியை அவள் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருப்பாள். அவளுக்கு வேண்டியது கை உதவி. சீக்கிரம் பிறந்தவை என்பதால் அந்தப் பிள்ளைகள் குறைந்துபோவதில்லை. முதல் இரண்டு மூன்று வருடங்களைக் கடந்துவிட்டால், ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே சைக்கிளுக்குச் சண்டையிட்டு, ஒருவரையொருவர் விடாமல் வளரும் இணைகள் அவை.

நண்பர்களே, உங்கள் சபையிலோ தெருவிலோ இப்படி ஒரு வீடு இருந்தால், பிள்ளை பார்க்கப் போகும்போது இரண்டு பொட்டலம் கொண்டுபோங்கள். வாசலில் முதலில் மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அரை மணி நேரம் அதைக் கடற்கரைக்கோ பாரதி பூங்காவுக்கோ அழைத்துப்போய் வாருங்கள். அந்த அரை மணியில் தாய் கண்ணயர்வாள். புறப்படும்முன், மூத்ததற்கு ஊசி போட்டாயிற்றா, எடை எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் காணிக்கைகளால் எங்கள் வார்டுகளில் எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வியினால் சில பிள்ளைகள் வார்டுக்கே வராமல் வளர்வார்கள்.