கையை விட்டுப் போகும் லைசென்ஸ்!

டாக்ஸியோ லாரியோ ஓட்டிப் பிழைப்பவருக்கு ஸ்டியரிங்தான் ஏர், லைசென்ஸ்தான் நிலம். அந்தச் சிறு அட்டை சட்டைப் பையில் இருக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியும். அது 3 மாதத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டால்? பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும், வண்டிக் கடனின் தவணைக்கும் எங்கே போவது?

"அபராதம் கட்டினால் ஆயிற்று" என்று எண்ணுவோர் அநேகர். அபராதம் பணத்தோடு போயிற்று. லைசென்ஸ் போனால் பிழைப்பே போயிற்று! லைசென்ஸ் ஒருவரது சொந்தச் சொத்தல்ல. தெருவில் நடக்கும் கிழவருக்கும் குழந்தைக்கும் இவரால் தீங்கு வராது என்று நம்பி சர்க்கார் கொடுக்கும் அனுமதி அது. நம்பிக்கை கெட்டால் அனுமதியும் போகும்.

பறிப்பவர் யார்?

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இந்த அதிகாரத்தை லைசென்ஸ் வழங்கும் அதிகாரிக்கும் கோர்ட்டுக்கும் கொடுத்திருக்கிறது. போலீஸார் லைசென்ஸைக் கைப்பற்றி அதிகாரிக்கு அனுப்பி வைக்கலாம்.

குடிக்கோ போதை மருந்துக்கோ அடிமையானவர், வண்டியைக் குற்றம் செய்யப் பயன்படுத்தியவர், பொய் சொல்லி லைசென்ஸ் வாங்கியவர் ஆகியோர் அதை இழக்கலாம். பயணிகளிடம் முறைகேடாக நடப்பது, செல்போன் பேசிக்கொண்டே ஓட்டுவது, சாமான் வண்டியில் ஆட்களை ஏற்றுவது ஆகியவையும் 1989-ம் வருஷத்து விதிகளின் பட்டியலில் உண்டு.

அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், அதிக பாரம், குடித்துவிட்டு ஓட்டுதல் போன்ற குற்றங்களுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2019-ம் வருஷத்துத் திருத்தமோ இன்னும் கடுமை. ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதத்தோடு 3 மாதத் தடையும் உண்டு என்கிறது!

குடித்தவர் கதி

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். குற்றம் ருசுவாகிவிட்டால் கோர்ட்டு குறைந்தது 6 மாதம் வண்டி ஓட்டத் தடை விதித்தே ஆகவேண்டும்.

லைசென்ஸ் வாங்கும் முன்பே அதை இழப்பவரும் உண்டு. 18 வயது நிரம்பாத பையன் அப்பாவின் வண்டியை எடுத்துச் சென்று குற்றம் செய்தால், 25 வயது வரை அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. வண்டியைக் கொடுத்த அப்பாவும் தண்டனைக்குத் தப்ப முடியாது.

வாய் திறக்க வழியுண்டு

ஆனால் சட்டம் ஒருவரையும் கேளாமல் தண்டிப்பதில்லை. லைசென்ஸை நிறுத்துமுன் அதிகாரி அவர் சொல்வதைக் கேட்கவேண்டும்; காரணத்தை எழுத்தில் தரவேண்டும். உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் அப்பீல் செய்துகொள்ளலாம். நோட்டீஸைப் பரண்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவர், தம் பக்கத்து நியாயத்தையும் பரண்மேல் போட்டவராகிறார்.

எல்லாவற்றிலும் பெரிய பிசகு, தடை இருக்கும்போதே திருட்டுத்தனமாக வண்டியை எடுப்பது. அதற்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. அந்தச் சமயம் பார்த்து விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் இடமுண்டு. அப்புறம் நஷ்டஈட்டுக்கு வீட்டையும் நகையையும் விற்கவேண்டியதுதான்.

சிவப்பு விளக்கில் ஒரு நிமிஷம் நிற்கப் பொறுமையில்லாதவர், வீட்டுத் திண்ணையில் 3 மாதம் உட்கார நேரும். அந்த ஒரு நிமிஷத்தில் தெருவைக் கடப்பது யாரோ பெற்ற பிள்ளை என்று நினைத்தால், கால் தானே பிரேக்கை மிதிக்கும். லைசென்ஸும் பைக்குள் பத்திரமாக இருக்கும்.